ஞாயிற்றுக்கிழமைக் கரகரப்பு

1

சரகோசா நகரத்துக்கு நான் வந்து சேர்ந்து நேற்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்தன. வந்து இறங்கிய நாளின் பக்கத்தில் என் டைரியில் மூன்றே வரிகள்: “காலை 7.40, ரயில் நிலையம். காற்று பலம். பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்தது.” ஸ்பெயின் தேசத்தில் முதல் நாளைக் கழித்தவன் எழுதுகிற வரிகளா இவை என்று என் மனைவி முத்துச்செல்வி இன்றைக்கும் கேட்கிறாள். நான் என்ன செய்ய? அன்றைக்கு உடைந்தது சக்கரம்தான்.

என் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றின் உச்சிக்கு ஏறி இறங்கிப் பராமரிக்கிற வேலையில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் நான்கு கட்டங்கள்: நேரம், கோளாறு, காரணம், நடவடிக்கை. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றாவது எழுத வேண்டும். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. மேலே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து இட வேண்டும்.

வீட்டில் எழுதும் சொந்த டைரியும் கொஞ்ச நாளில் தானாகவே அந்த நான்கு கட்டங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் கல்யாண நாள் பக்கத்தில், “மைக் செட் நின்றது, 10 நிமிடம். காரணம்: ஃபியூஸ்” என்று இருக்கிறது. மணப்பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளிடம் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று நான் விளக்கம் சொன்னதுண்டு. அது இதுவரை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

2

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் கார்த்திகாவுக்கு வயது பதினாறு. நான் இங்கே வந்தபோது அவளுக்கு நாலு. நான்கு ஆண்டுகள் கழித்து, அவளுக்கு எட்டு வயதானபோதுதான் தாயையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடிந்தது. கோவில்பட்டிப் பிள்ளை என்பதால் ஹாக்கி ஆடுவாள். எங்கள் ஊருக்கும் ஹாக்கிக்கும் உள்ள நெருக்கத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே ஓர் உள்ளூர் கிளப்பில் ஆடுகிறாள். அவள் சட்டை முதுகில் ‘கோவில்பட்டி’ என்று அச்சடித்திருக்கும். ஊர்ப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டுப் படிவங்களில் எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் வேண்டும். நமக்கு இருப்பதோ ஓர் இனிஷியல். கிளப் அலுவலகத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் பாஸ்போர்ட்டையே முறைத்துப் பார்த்துவிட்டு, பிறந்த ஊரை எடுத்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார்.

போன ஆண்டு அவளை நாட்டின் இளையோர் அணித் தேர்வுக்கு அழைத்தார்கள். ஆனால் அந்த அணியில் ஆட இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அவளாக விண்ணப்பிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வயது தாண்டிவிடும். அப்பா குடிமகன் ஆகிவிட்டால் அவளுக்கும் அந்த வழி திறக்கும். எனக்குத் தேவையான ஆண்டுகள் முடிந்துவிட்டன. நம் நீல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற ஒரு தயக்கத்தில் நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனித் தள்ளுவதற்கு இடமில்லை. நடுவில் இருந்தது ஒன்றே ஒன்று, மொழித் தேர்வு.

எழுத்துத் தேர்வில் எனக்குப் பயமில்லை. படிவம் நிரப்பச் சொன்னால் இந்த நகரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பேச்சுத் தேர்வில் தோற்றேன்.

3

தேர்வாளர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். நல்ல முகம். “நீங்கள் சிறுவனாக இருந்தபோது வீட்டில் மாலை நேரம் எப்படி?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த விஷயம். நம் மொழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஸ்பானிஷுக்கு மாற்றினேன். ஆறு மணிக்கு அப்பா வருவார். சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

அந்த அம்மாள் என் கோப்பைப் புரட்டினார். “அப்பா எங்கிருந்து வருவார்?”

“தீப்பெட்டி ஆபீஸிலிருந்து.”

“இன்றைக்கா?”

“தினமும்.”

“அவருக்கு இப்போது என்ன வயது?”

“இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது கார்த்திகா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். “ப்பா, தாத்தாவ சைக்கிளோட உயிரோட கூட்டிட்டு வந்துட்டீங்களே!” சிரித்து முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தப்பட்ட நேரத்தை நான் குறித்துவைத்திருக்கிறேன். காரணமும் எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த தேர்வு மூன்று மாதம் கழித்து. அதிலும் தோற்றால் அணித் தேர்வு அவளைக் கடந்து போய்விடும்.

4

நடந்தது இதுதான். கடந்துபோனதைச் சொல்ல ஸ்பானிஷ்காரர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒன்று. எப்போதும் நடந்துகொண்டிருந்ததற்கு, வழக்கமாக இருந்ததற்கு, இன்னொன்று. நாமோ வழக்கமாக நடந்ததை ‘வருவார், சாப்பிடுவோம்’ என்று நாளைக்கு நடக்கப் போகிறதைச் சொல்வது போலவே சொல்லிவிட்டுப் போகிறோம். கேட்கிறவருக்கும் புரிந்துவிடுகிறது. சரகோசாவில் புரியவில்லை.

வயதுவந்தோர் பள்ளியில் எங்களுக்கு மொழி சொல்லித்தரும் ஆசிரியை பெயர் பிலார். அவர் இந்த இரண்டாவது வழியைப் பலகையில் எழுதினார். பெரும்பாலான வினைச்சொற்களுக்கு இரண்டே வால்கள்தான். ஒரு வகைக்கு ‘ஆபா’, மற்றதற்கு ‘ஈயா’. பேசிக்கொண்டிருந்தேன் என்றால் ‘ஹப்லாபா’. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றால் ‘கோமியா’. வாழ்ந்துகொண்டிருந்தேன், ‘விவியா’. ஒழுங்கை மீறுகிற சொற்கள் மொத்த மொழியிலும் மூன்றே மூன்று. இவ்வளவு ஒழுக்கமான ஒரு விஷயத்தை இந்த நாட்டில் நான் அதுவரை கண்டதில்லை. அன்று மாலையே ரூல்தடி வைத்துக் கோடு போட்டு, ஆறு வரிசை, இரண்டு பத்தி, சிவப்பு மை, நீல மை என்று அட்டவணை தயாரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் மனப்பாடம் செய்தேன்.

“என்னங்க, காலையிலருந்து கோமியா கோமியாங்கீங்க, இது வீடா மாட்டுத் தொழுவமா?” என்றாள் முத்துச்செல்வி.

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம்.”

“அப்போ சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. தோசை ஆறுது.”

ஒரு வாரத்தில் வால்கள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பிலார் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: “பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் வழக்கமான வாழ்க்கை எப்படி இருந்தது? பத்து வாக்கியம்.” எனக்கென்ன, டைரி இருக்கிறதே என்று அந்த ஆண்டுகளின் நான்கு டைரிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். புரட்டினேன். உடைந்தவை எல்லாம் இருந்தன. நின்றவை, தாமதமானவை, தொலைந்தவை எல்லாம் நிமிடக் கணக்கோடு இருந்தன. மற்ற நாட்களில் ஒரே ஒரு சொல்தான்: ‘வழக்கம்போல்.’

வழக்கம்போல் என்றால் என்ன? காலையில் எழுந்து என்ன செய்துகொண்டிருந்தேன்? யாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்? எழுதவே இல்லை. யோசித்தால் அதுவும் நியாயம்தான். காற்றாலை நின்றால் பதிவேட்டில் ஏறும். சுற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வால்களைச் சேர்க்க என்னிடம் இரண்டு மையில் அட்டவணை இருந்தது. அவற்றை ஒட்டுவதற்கு ஒரு வாழ்க்கைதான் அகப்படவில்லை.

பிலாரிடம் வெறும் தாளை நீட்டினேன். “உங்கள் வீட்டில் யாரிடமாவது கேளுங்கள்” என்றார்.

5

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வெளியே இந்த ஊரின் வடமேற்குக் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. நம் ஆடிக்காற்றுக்குத் தம்பி முறை. முத்துச்செல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அது கிடைக்கும் கடை ஒன்றே ஒன்று. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கார்த்திகா தானாகவே வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கதவு சாத்திய நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

“சரி, நான்தான் அந்தக் கண்ணாடி அம்மா. நீங்க தனியா இருந்த நாலு வருசம், ஞாயித்துக்கிழமை என்ன செய்வீங்க? ஸ்பானிஷ்ல சொல்லுங்க.”

“இரு, பாத்துச் சொல்லுதேன்” என்று முதல் டைரியைத் திறந்தேன்.

“டைரிய எல்லாம் தேர்வுக்குக் கொண்டுபோக முடியாதுப்பா.”

“ஒத்திகைக்குத்தானே” என்று சொல்லி வாசித்தேன். “ஞாயிறு. வழக்கம்போல் வீட்டுக்குப் போன். கோவில்பட்டி நேரம் மாலை 5.30. கார்த்திகா பேசினாள். லைனில் கரகரப்பு, 2 நிமிடம். காரணம்: தெரியவில்லை. நடவடிக்கை: கம்பெனிக்குப் புகார்.”

அடுத்த ஞாயிறு. “கரகரப்பு, 2 நிமிடம். கார்த்திகா பேசும்போது மட்டும். காரணம்: தெரியவில்லை. நடவடிக்கை: மொட்டைமாடிக்குப் போய்ப் பேசச் சொன்னேன்.”

அதற்கு அடுத்தது. “மொட்டைமாடியிலும் கரகரப்பு.”

கார்த்திகா தன் அம்மாவைப் பார்த்தாள். முத்துச்செல்வி கீரையை விட்டுத் தலையை எடுக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

“ம்மா, நீ இன்னும் சொல்லவே இல்லையா?”

“ஏட்டி, சும்மா இரி.”

“என்ன சொல்லல?” என்றேன்.

“ப்பா, அது லைன் இல்ல. நானு. கடலைமிட்டாய்.”

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. அவள் விளக்கினாள். ஐந்தரை மணிக்கு எதிர் மைதானத்தில் பிள்ளைகள் எல்லாம் ஆடுவார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் வரும். அவள் போன் பக்கமே வரமாட்டாள். அதனால் அம்மா ஒரு கடலைமிட்டாயைக் கையில் கொடுத்து, போனைக் காதில் வைப்பாள். மிட்டாய் முடிகிற வரைக்கும் அவள் பேசியாக வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

“வாயில மிட்டாய் இருக்கற வரைக்கும் ‘ம், ம்’னு நிப்பேன். முடிஞ்சதும் ஓடிருவேன்.”

நான் முத்துச்செல்வி பக்கம் திரும்பி எழுந்து நின்றுவிட்டேன். “இதுக்காக நான் ரெண்டு போன் மாத்தினேன்! மூணு புகார் எழுதினேன்! உன்ன மொட்டைமாடி ஏறச் சொன்னேன், நீயும் ஏறின!”

“ஏறினேன்லா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறினேன்” என்றாள் முத்துச்செல்வி. “வேற என்ன செய்ய? சொன்னா, மிட்டாய் குடுக்காத, பல்லு போயிரும்பீங்க. குடுக்கலைன்னா இவ போன் பக்கத்துல வர மாட்டா. அப்புறம் நீங்க அங்கன ஒத்தையில உக்காந்து, ஞாயித்துக்கெழமைக்கு என்னத்த எழுதுவீங்க?”

கார்த்திகா மேசையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: “உங்கள எனக்கு அப்பம் சரியா ஞாபகமே இல்லப்பா. அப்பான்னா போன்ல வாற ஒரு சத்தம். மிட்டாயோட வாற சத்தம்.”

பெற்றவனுக்கு இதைக் கேட்பது லேசான காரியம் இல்லை. வேறொன்றும் செய்யத் தோன்றாமல், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். டைரியைத் தொடர்ந்து வாசித்தேன். முதல் ஆண்டு முழுவதும் கரகரப்பு 2 நிமிடம். இரண்டாம் ஆண்டு 3 நிமிடம், சில சமயம் 4.

“ஒரே மிட்டாய்தானே? அதெப்படி நீண்டுச்சு?” என்றேன். அளவு பொருந்தாவிட்டால் எனக்குச் சரிப்படாது.

முத்துச்செல்வி யோசித்தாள். “அப்பம் இவ வேகமா கடிக்க மாட்டா. கொஞ்சங் கொஞ்சமா கொறிச்சுக்கிட்டே பேசுவா. சீக்கிரம் முடிஞ்சிரக் கூடாதுன்னு.”

கார்த்திகா விரலை நிறுத்தினாள்.

நான்காம் ஆண்டு டைரியில் ஒரு ஞாயிறு. வாசித்தேன்: “கரகரப்பு இல்லை. கார்த்திகா 11 நிமிடம் பேசினாள். காரணம்: புது போன்.”

“பதினொண்ணா? நான் என்ன பேசினேன்?” என்றாள் கார்த்திகா.

“மறந்துட்டியாட்டி? அந்த வாரந்தான் ஸ்கூல்ல ஒனக்கு முத முதல்ல மட்டை குடுத்தாங்க. எப்படிப் பிடிக்கணும், எப்படித் தள்ளணும்னு இவியளுக்கு நீ பாடம் எடுத்த. மிட்டாய் பாட்டுக்குக் கையிலயே இருந்துச்சு. கடைசில பாத்தா எறும்பு ஏறிருச்சு. தூரப் போட்டேன்.”

நான் பேனாவை எடுத்து, ‘புது போன்’ என்ற சொற்களின் மேல் விதிப்படி ஒற்றைக் கோடு போட்டேன். சரியான காரணத்தை எழுதப் போனபோது கார்த்திகா பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் தமிழில் எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு ‘மடடை’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். ஒரு புள்ளி குறைந்தது. நான் வைக்கவில்லை.

6

தேர்வு அன்று அதே அறை, அதே கண்ணாடி அம்மாள். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு சிறிய எச்சரிக்கை தெரிந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. “முன்பு உங்கள் குடும்பம் வேறு நாட்டில் இருந்தபோது எப்படித் தொடர்பில் இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், யாமாபா. என் மகள் தின்றுகொண்டிருந்தாள், கோமியா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், எஸ்குச்சாபா. குறித்துக்கொண்டிருந்தேன், அனோதாபா. என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் பேசாமல் இருந்துகொண்டிருந்தாள், காயாபா. எல்லாம் ஒழுங்கான வினைகள். ஒன்றுகூட என்னைக் கவிழ்க்கவில்லை. நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் ‘மகள் ஓடுவாள்’ என்று வந்துவிட்டது. நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, ‘ஓடிக்கொண்டிருந்தாள்’ என்று திருத்தினேன். காற்றில் விரலால் ஒற்றைக் கோடும் போட்டேன்.

“அது என்ன இனிப்பு?” என்றார் அந்த அம்மாள்.

இந்த ஊரில் பாதாமைச் சர்க்கரைப் பாகில் இறுக்கிக் கட்டிகட்டியாக விற்பார்கள். அதுபோல, ஆனால் நிலக்கடலை, வெல்லம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “அதைத் தின்றுகொண்டே போன் பேசினால் எதிர்முனையில் எப்படிக் கேட்கும் தெரியுமா?” என்று கேட்டு, அவரே சிரித்தார். “நீங்கள் இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?”

“போன ஞாயிறு.”

“எத்தனை ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், லைன் கோளாறு என்று?”

“பன்னிரண்டு.”

அப்புறம் அந்தப் பதினொரு நிமிட ஞாயிறைச் சொன்னேன். அது ஒருமுறை நடந்தது. ஆகவே அதற்கு முதல் வழிதான். அன்று மகள் பேசினாள். மிட்டாயில் எறும்பு ஏறியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டினேன்.

7

தேர்வில் தேறினேன். பிறகு வந்தவை காகிதங்கள். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். இரண்டு பேரும் ஒருவரே என்று மூன்றாவதாக ஒரு சான்றிதழ் வாங்கினேன். அலுவலகத்தில் என் இரண்டாவது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, மகள் சட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நீல பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் நாள் இன்னும் வரவில்லை. வரும். அன்றைக்கு டைரியில் நான்கு கட்டங்கள் போதாது என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் நகர்வதைக் காட்டியதும், அணித் தேர்வுக்கு முந்தைய பயிற்சி முகாமில் சேர்ந்துகொள்ளக் கார்த்திகாவை அனுமதித்துவிட்டார்கள். வேறு ஊர், விடுதியில் தங்க வேண்டும். மூன்று வாரம். கிளம்பும்போது, “ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுதேன், நீங்க கூப்பிடாதீங்க, ஆட்டத்துல இருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிறு நான் மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி. இரண்டரை. மூன்று. சுவரில் இன்னும் ஒட்டியிருந்த அட்டவணையை மேலிருந்து கீழாக வாசித்தேன். கீழிருந்து மேலாகவும் வாசித்தேன். மூன்றேகாலுக்கு மணி அடித்தது. முத்துச்செல்வி ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிட்டாய்த் துண்டை என் கையில் வைத்தாள்.

கார்த்திகா மூச்சு வாங்கப் பேசினாள். யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள், பயிற்சியாளர் என்ன திட்டினார், அவள் அடித்த அடி எப்படிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் ‘ம், ம்’ என்றேன். திடீரென்று நிறுத்தினாள்.

“ப்பா, லைன்ல என்ன, கரகரங்குது?”

“சிக்னல் சரியில்லம்மா.”

“அப்படியா? அப்பம் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுங்க” என்றாள். அவள் பின்னால் யாரோ ஸ்பானிஷில் கூப்பிட்டார்கள். “வாரேன், வாரேன்” என்று தமிழிலேயே அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஞாயிறு. பிற்பகல் 3.15. கார்த்திகா 14 நிமிடம் பேசினாள். லைனில் கரகரப்பு. காரணம்: தெரியும். நடவடிக்கை: தேவையில்லை.”